சீப்புக்குப் பிடித்தம்

தோட்டத்திலிருந்து வரும் வாழைத்தாரைச் சீப்பு சீப்பாக வெட்டி, பால் போகத் தொட்டியில் கழுவி, பெட்டியில் அடுக்கும் கொட்டகை அது. கழுவுவது அண்ணி, பழத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது நாத்தனார். ஒருத்தி புருஷனையும் மற்றவள் அண்ணனையும் ஒரே நாளில் பறிகொடுத்தவர்கள். அதிலிருந்து இருவருக்கும் ஒரே அடுப்பு, ஓயாத பேச்சு.

அண்ணிக்கு ஒரே குறைதான். அடிபட்ட ஒவ்வொரு சீப்புக்கும் அவள் கூலியில் பிடித்துவிடுவார்கள். வண்டி குலுங்கிக் கன்றிப்போனால் கழுவுகிறவள் என்ன செய்வாள்? ஒரு வாரமாவது கூலி முழுசாகக் கைக்கு வந்துவிடாதா என்று ஏங்கினாள்.

பழம் நியாயக் கூலியில் விளைந்ததுதான் என்று முத்திரை கொடுப்பதற்கு முன், வாங்கும் கம்பெனி ஓர் அதிகாரியம்மாவை அனுப்பியது. மேனேஜர் வாயெல்லாம் பல்லாக அவர் பின்னாலேயே அலைந்தார். கூலியில் ஏதாவது பிடித்தம் உண்டா என்று அந்தம்மா கேட்டதும் எல்லாரும் தொட்டித் தண்ணீரைப் பார்த்தார்கள். நாத்தனாருக்குத்தான் நாக்கு நிற்காதே.

"சீப்புக்குப் பிடிக்கிறாங்க மேடம்."

மேனேஜர் முந்திக்கொண்டார். தலைவாரும் சீப்பாம், பழத்தில் முடி விழக்கூடாதென்று ஆளுக்கொன்று வாங்கித் தருகிறார்களாம், அதற்கு ஏதோ சில்லறையாம்.

அதுவும் தப்பு, எல்லார் முன்னாலும் நிறுத்திவிட்டதாகச் சொல்லுங்கள் என்றார் அதிகாரியம்மா. இவ்வளவுதானா என்று மேனேஜருக்கு உயிர் வந்தது. தாராளமாகவே சொன்னார்.

"இனிமே சீப்புக்கு ஒரு பைசா பிடிக்க மாட்டோம்."

அண்ணி ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். கழித்துப் போட்டிருந்த குவியலிலிருந்து, கன்றிப்போன ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இந்தச் சீப்புக்கும்தானே சார்?"

இது வேறு சீப்பு என்றால் பிடித்தம் வெளியே வரும். சும்மா நின்றாலோ முழி காட்டிக்கொடுக்கும். அதிகாரியம்மா பழத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதில் தலைவாரினால் முடி வழுக்கிக்கொண்டு படியும் என்று நாத்தனார் முணுமுணுக்க, கொட்டகையே குலுங்கிச் சிரித்தது.

"இதுக்கும்தான்" என்றார் மேனேஜர், மென்று விழுங்கி.

அன்று வாரக்கூலி நாள். கூலி கொடுக்கும்வரை அதிகாரியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணி வாங்கிய பணத்தை எண்ணக்கூட இல்லை. கனமே சொல்லிற்று.

அடிபட்ட பழம் கொட்டகைக்காரர்களின் நஷ்டம் என்றானதும் மறுவாரமே வண்டியில் மெத்தை விரித்தார்கள்.

"பாத்தீங்களா அண்ணி, பழம் மெத்தையில வருது. நாம தரையில படுக்கிறோம்."

"அந்தம்மா மறுபடி வரட்டும்டி. அதையும் கேட்டுடுவோம்."