ஆறு மிளகு

அட்டையின் இரண்டாம் வரிசையில் ஆறு மாத்திரைகள் உடைபடாமல் இருக்கின்றன, வெள்ளித்தாளுக்குள் ஆறு சின்ன முகங்களாக, நெருப்புக்கும் சக்கரத்துக்கும் பிறகு மனிதகுலம் செய்த மகத்தான காரியம் அம்புக்குறி போட்ட இந்தக் கருத்தடை மாத்திரை அட்டைதான், இதன் முன்னால் சாமி, சாதகம், மாமியார் மூன்றும் செல்லாது, இதை என் மனைவி செண்பகாவிடம் நான் சொன்னது கல்யாணமான மூன்றாம் மாதம், தூத்துக்குடியில் டாக்டரம்மா அறைக்கு வெளியே, சொன்னபோது என் முகத்தில் சிரிப்பில்லை, கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் நையாண்டி எழுதுகிறவனுக்குச் சிரிக்காத முகம்தான் மூலதனம்.

உள்ளே டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்க்கிறார், ஒற்றைத் தலைவலி உண்டா, கால் வீங்குமா, சிகரெட் பழக்கம் உண்டா, செண்பகா என்னை முறைக்கிறாள், இருபத்தோரு வெள்ளையிலதாம்மா மருந்து, அது கருமுட்டை வெளியே வராமப் பாத்துக்கும், கடைசி ஏழு பழுப்பும் இரும்புச்சத்து, அந்த வாரம் ரத்தம் வரும், தினம் ஒரே நேரம், ஒண்ணு மறந்தா ஞாபகம் வந்ததும் போட்டுக்கோங்க, ரெண்டு மூணு விட்டா உடனே எங்கிட்ட வாங்க, திரும்ப ஏழு நாள் போட்டு முடிக்கிறவரை ஆணுறை இல்லாம கூடாது, மறந்துருவேனோ என்கிறாள் செண்பகா, மறதி அக்கறையில்லாதவங்களுக்கு வர்ற வியாதி, நான் பாத்துக்கிடுதேன் என்றவன் நானேதான், சட்டக்கல்லூரிக் கடைசி வருடம் அவளுக்கு, தைத்து வாங்கிய கருப்புக் கோட்டு அலமாரியில் அவளுக்கு முன்பே வக்கீலாகி நின்றது.

பிறகு ஐப்பசி, ஒன்றும் அறியாத அம்மா அடுக்களையிலிருந்து சொல்கிறாள், ஏ செம்பகா, சஷ்டிக்கு மிளகு விரதம் இரி தாயி, மொத நாள் ஒண்ணு, ரெண்டாம் நாள் ரெண்டு, ஆறாம் நாள் ஆறு, அதுவும் தண்ணியும்தான், வேற ஒண்ணும் தொண்டையில எறங்கப்படாது, அடுத்த சஷ்டிக்கு மடியில பிள்ளை கெடக்கும், ஏட்டி, வேண்டாம்னு மாத்திரை, வேணும்னு மிளகுமா, முருகன் எந்த மனுவை எடுப்பாரு என்று எங்கள் அறைக்குள் நான் கேட்க, வக்கீலுல்லா, ரெண்டு பக்கமும் ஆஜராவேன், அத்தை முகத்துக்கு நேரா மாட்டேம்னு எப்படிச் சொல்ல என்றாள், மிளகு தின்றால் பிள்ளை என்றால் ரசம் வைக்கிற வீடெல்லாம் பிரசவ வார்டு என்று நான் பத்திரிகையில் எழுதினேன், பையன்கள் மேசையைத் தட்டினார்கள், விரதம் முடிந்த மறுநாள் அம்மா திருக்கல்யாணம் பார்க்கத் திருச்செந்தூர் போனாள், அந்த மதியம் வீடு எங்களுக்கு மட்டும் இருந்தது.

ஆறு நாள் கழித்து அவளுடைய சட்டப் புத்தகத்திலிருந்து அட்டை விழுகிறது, ஆறு, என்னட்டி இது, விரதம்லா, மிளகைத் தவிர ஒண்ணும் எறங்கப்படாதுன்னு அத்தை சொன்னாவ, அதுக்குப் பொறவு ஒழுங்காத்தான் போடுதேன், நீங்க பாத்துக்கிடுதேன்னு சொன்னியளே, அட்டையோடு அவளை பஸ் ஏற்றுகிறேன், சேர்ந்த அஞ்சு நாளுக்குள்ள வந்திருந்தா அவசர மாத்திரை கொடுத்திருப்பேனே என்கிறார் டாக்டரம்மா, இப்ப அட்டையை முடிங்க, பழுப்பு வாரத்துல ரத்தம் வரலேன்னா டெஸ்ட் எடுத்திருவோம், திரும்பும் பஸ்ஸில் செண்பகா விரல் மடிக்கிறாள், பரீட்சை மே மாசம், அப்ப ஏழாம் மாசம், அந்தக் கோட்டுல பட்டன் பூட்டாதுங்க என்கிறாள், சன்னலைப் பார்த்துக்கொண்டே.

பழுப்பு வாரத்தின் முதல் காலை, அஞ்சறைப்பெட்டியில் என் கை ஒரு மிளகை எடுக்கிறது, முருகா, எங்கம்மா மனுவைத் தள்ளுபடி செய்யவேண்டாம், ஒத்திவைத்தால் போதும், மறுநாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று, ஏலே தோசை ஆறிப்போவுது, கேண்டீன்ல தின்னுட்டேம்மா, பத்திரிகைக்காரப் பையன்களிடம் வயிறு சரியில்லை, நாலாம் நாள் குளியலறைக் கதவைத் திறந்து, வந்துட்டுங்க என்கிறாள் செண்பகா, சிரிக்கிறாள், சிரித்தபடியே அழுகிறாள், அப்புறம் கோட்டை எடுத்து, தூசியே இல்லாத தோள்பட்டையைத் தட்டுகிறாள், அன்றே நான் சாப்பிட்டிருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை, ஐந்தாம் நாள் ஐந்து, இன்று ஆறாம் நாள், அறைக்கதவைச் சாத்திவிட்டு அட்டையை எடுத்து வைக்கிறேன், உடைபடாத ஆறு வெள்ளை முகங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு மிளகை வைத்து, முதல் மிளகிலிருந்து வரிசை தப்பாமல் விழுங்குகிறேன்.