எல்லாக் கரையிலும் வெடி

கடலைக் கண்ணால் பார்த்திராத ஊரில் படகு ஓடியது என்றால் சிரிப்பீர்கள். நாங்களும் முதலில் சிரித்தோம். அந்த வருஷம் ஐப்பசி மழை கொட்டோ கொட்டென்று கொட்டி, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்க் கண்மாய் தளும்பி நின்றது. வண்டிப்பாதை தண்ணீருக்குள் போய்விட்டது. மாசி பிறந்தும் வடியவில்லை. மேல்கரையில் ஊர், கீழ்கரையில் பஸ் ரோடு. பட்டாசு ஆபீஸுக்கு (தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம்) ஆள் வரவில்லை என்றால் ஆர்டர் கெட்டுவிடுமே என்று முதலாளி வேம்பார் கடற்கரையிலிருந்து ஒரு பழைய படகை லாரியில் ஏற்றிவந்து இறக்கினார். கடலோரத்தில் கொஞ்ச காலம் வலை இழுத்துப் பழகிய ஊர்க்காவலன் என்பவர் அதற்குப் படகுக்காரர் ஆனார்.

நான் அந்த ஊரின் பிரசவ நர்ஸ். ஜெயசீலி என்று பேர், ஆனால் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நர்ஸம்மா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் சிடுமூஞ்சி என்பார்கள். இரண்டும் சரிதான்.

பொன்னுத்தங்கத்துக்கு அது தலைப்பிரசவம். சாயங்காலம் லேசாக வலி எடுத்தபோதே அவள் முகமும் காலும் வீங்கியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. சாத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம் என்றேன். அவள் புருஷன் அய்யாத்துரை எழுந்துவிட்டான். பேச்சியம்மாள்தான் தடுத்தாள். பொன்னுத்தங்கத்தின் அக்கா அவள். தாயில்லாத தங்கச்சியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

"இருட்டுல தண்ணிக்குள்ள எங்கன போவீக? விடியட்டும் நர்ஸம்மா. நாளைக்குப் பளிச்சுனு வெயிலடிக்கும்னு ரேடியோவே சொல்லிருச்சு."

எங்கள் ஊர் ரேடியோ கேட்கிற லட்சணத்தைச் சொல்ல வேண்டும். திரி காய வெயில் வேண்டும், வெடிமருந்து காய வெயில் வேண்டும். அதனால் பஞ்சாயத்து ரேடியோவில் வானிலை சொல்லும்போது மட்டும் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும். மழை இல்லை என்று தெரிந்ததும் கலைந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான். வறண்ட வானிலை நிலவும் என்றது, கூட்டம் கிளம்பிவிட்டது. அதிகாலையில் பனிமூட்டம் இருக்கக்கூடும் என்று பின்னால் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் நானும்தான் எழுந்து போயிருப்பேன்.

விடியும்போது பொன்னுத்தங்கத்துக்கு உதிரம் பட ஆரம்பித்தது. கதவைத் திறந்தால் வெளியே ஒன்றுமே இல்லை. எதிர்வீடு இல்லை, வேம்பு இல்லை, வெள்ளையாகப் பனி மட்டும் நின்றது.

கட்டிலோடு அவளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தோம். ஊர்க்காவலன் படகைத் தொடவே மாட்டேன் என்றார்.

"பனி எறங்கிருச்சுன்னா தண்ணி மேல தெசை தெரியாது. உள்ள பூராவும் கருவேல மரம் முங்கிக் கெடக்கு. வெயிலு ஏறட்டும்."

"எம்புட்டு நேரம் ஆகும்ணே?" என்றான் அய்யாத்துரை.

"யாரு கண்டா?"

அய்யாத்துரை சேற்றிலேயே அவர் காலில் விழுந்தான். நான் விழவில்லை, திட்டினேன். காத்திருந்தால் பொன்னுத்தங்கம் கரையிலேயே போய்விடுவாள், பிறகு உம்முடைய வெயிலை வைத்துக்கொண்டு என்ன செய்வீர் என்றேன். இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். "அக்கரையில ஒரே ஒரு எடத்துல இருந்து சத்தம் வரணும். விட்டு விட்டு வரணும். அதப் பிடிச்சுப் போயிரலாம்."

சத்தத்துக்கா எங்கள் ஊரில் பஞ்சம்? ஆபீஸில் கழித்துப் போடுகிற வெடிக்கட்டு எல்லார் வீட்டுப் பரணிலும் கிடக்கும். அய்யாத்துரையின் தம்பி கருப்பணன் ஒரு கட்டை மடியில் கட்டிக்கொண்டு, கட்டில் தூக்கிப் போக முடியாதபடி முள்ளும் உடைப்புமாகக் கிடந்த கண்மாய்க்கரையைச் சுற்றி ஓடினான். ரோட்டில் வண்டியை நிறுத்தி வைப்பதும், வெடி போடுவதும் அவன் பொறுப்பு. அவன் போய்ச் சேரும்வரை நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் நாடியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அக்கரையில் முதல் வெடி கேட்டது. ஊர்க்காவலன் கழியை ஊன்றினார். படகில் நாங்கள் நான்கு பேர். பேச்சியம்மாள் முழங்கால் தண்ணீர்வரை கூடவே வந்து நின்றாள். இரண்டு ஊன்றலில் அவளும் இல்லை, கரையும் இல்லை.

இரண்டாவது வெடி கேட்டது. "நேராத்தான் போறோம்" என்றார் ஊர்க்காவலன். எனக்குக்கூடக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்போது எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு வெடி வெடித்தது.

ஊர் ஜனங்கள்தான். அக்கரையில் வெடி கேட்டதும் இவர்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. படகு வழி தெரியாமல் நிற்குமே, நாமும் போட்டால் உதவியாக இருக்குமே என்று நினைத்துவிட்டார்கள். பிள்ளை பிறந்தால் வெடி, ஆள் செத்தால் வெடி, கண்மாய்க்குத் தண்ணீர் வந்தால் வெடி என்று இருப்பவர்கள் வேறு எதைச் செய்வார்கள்? வீட்டுக்கு வீடு பரணில் ஏறி வெடிக்கட்டை உருவிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார்கள். அதைக் கேட்டு வடகரையில் ஆபீஸ் காவல்காரர்களும் ஆரம்பித்தார்கள். அவர்களிடம் இருந்தது பெரிய வெடி.

பிறகு எல்லாக் கரையிலும் வெடித்தது. பனிக்குள் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. தலைக்கு மேலேயும் தண்ணீருக்கு அடியிலும் வெடிப்பதுபோல் இருந்தது. கருப்பணன் போட்டது எது என்று பிரிக்க முடியவில்லை. ஊர்க்காவலன் ஒரு பக்கம் திருப்பினார், முள் கிளை ஒன்று என் தோளைக் கிழித்துக்கொண்டு போனது. மறுபக்கம் திருப்பினார், படகின் அடிப்பலகை ஏதோ மரத்தில் மோதி நடுங்கியது. அவர் கழியை நிறுத்திவிட்டார்.

"இனி அசைச்சா கவுந்துரும். நிக்கிறதத் தவிர வழியில்ல."

அய்யாத்துரை எழுந்து நின்று கத்தினான். "போடாதீகய்யா! நிப்பாட்டுங்க! ஏலே, நிப்பாட்டுங்கலே!" அவன் கத்துவது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கரையில் இருந்தவர்களுக்கு ஏதோ குரல் மட்டும் எட்டியிருக்க வேண்டும். படகு பக்கத்தில்தான் இருக்கிறது என்று இன்னும் வேகமாகப் போட்டார்கள். அத்தனை பேரும் எங்கள்மேல் பிரியமானவர்கள். அவர்களில் ஒருவனையாவது அன்றைக்கு என் கையால் அறைந்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

பொன்னுத்தங்கம் அந்தச் சத்தத்துக்கு நடுவில் பெற்றாள். படகின் அடியில் தேங்கிய தண்ணீர் சிவந்துவிட்டது. பையில் இருந்த ஊசியைப் போட்டேன். வயிற்றை அமுக்கிப் பிடித்தேன். துணி தீர்ந்ததும் என் சேலைத் தலைப்பைக் கிழித்தேன். உதிரம் நிற்கவில்லை. "குளிருது நர்ஸம்மா, எங்கக்காவ வரச்சொல்லுங்க" என்றாள். "வந்துட்டு இருக்கா" என்று பொய் சொன்னேன். அவள் அதை நம்பினாளா என்று தெரியாது. என் கைக்கு அடியிலேயே அவள் அடங்கிப்போனாள்.

அய்யாத்துரை அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். குழந்தை மட்டும் அழுதது. நல்ல குரல் அதற்கு, வெடிச் சத்தத்தையும் மீறிக் கரைக்குப் போய்விட்டது.

ஒவ்வொரு கரையாக வெடி நின்றது. எல்லாரும் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று புரிந்தது. அப்புறம் ஒரு திசையிலிருந்து குலவைச் சத்தம் வந்தது. முதலில் ஒரு தொண்டை, பிறகு நாலைந்து.

"அங்கன போவோம்" என்றேன். எந்தக் கரை என்று ஊர்க்காவலன் கேட்கவில்லை. அந்தக் குலவையைப் பிடித்துக்கொண்டே மெல்ல ஊன்றினார். நாங்கள் அதிக தூரம் போயிருக்கவே இல்லை. புறப்பட்ட கரைதான், கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறது.

பனிக்குள்ளிருந்து பேச்சியம்மாள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்தாள். நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டபடியே வந்து படகின் விளிம்பைப் பிடித்தாள். அய்யாத்துரை முகத்தைத் திருப்பிக்கொண்டான். குழந்தை என் மடியில் இருந்தது.

"என்ன புள்ள, நர்ஸம்மா?"

கேட்டதற்கு மட்டும்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது. "பொம்பளப்பிள்ள."

"ஏ, பொம்பளப்பிள்ளையாம்!" என்று கரையைப் பார்த்துக் கத்தினாள். அங்கே மறுபடியும் குலவை கிளம்பியது. யாரோ ஒரு சரத்தைக் கொளுத்தினார்கள். பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெண் பிறந்திருக்கிறாள் என்று தங்கச்சியிடம் சொல்வதற்காகப் படகுக்குள் குனிந்தாள்.