பொன்னியம்மனுக்கு இருபத்து நாலு தோள்

வாசலில் உட்கார்ந்திருப்பவனை உள்ளே கூப்பிடுவதா வேண்டாமா என்று கோதண்டத்துக்கும் அவர் மனைவி மரகதத்துக்கும் சமையலறையில் சத்தமில்லாத சண்டை நடந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல் சண்டை போடுவது அத்தனை சுலபமில்லை. கோதண்டம் கையை ஆட்டினார்; மரகதம் கரண்டியை ஆட்டினாள். கரண்டிக்குத்தான் மரியாதை அதிகம்.

வந்திருந்தவன் உதயசூரியன். காலனிக்காரன். ஒரகடத்தில் காருக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் லைன் லீடர். முப்பது பேர் அவன் கைக்குக் கீழே வேலை செய்கிறார்கள். கோதண்டம் அவனுக்குக் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரமாக, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார். அவன் அப்பா வந்த காலத்தில் நின்றுகொண்டுதான் பேசுவார், மகனுக்கு நாற்காலி. நாடு முன்னேறவில்லை என்று யார் சொன்னது? டீயும் பேப்பர் கப்பில் போயிற்று. பேப்பர் கப் வந்த நாளிலிருந்து தன் வீட்டில் தீண்டாமை ஒழிந்துவிட்டது என்று கோதண்டம் மனதார நம்பினார்.

"மாடிய கொரியாக்காரனுக்கு வுட்டுக்கீறீங்க. அவன் வூட்ல இன்னா வேவுதுன்னு தெருவுக்கே தெரியும், உங்க மூக்குக்கு மட்டும் தெரியாது. இந்த ஊர்ல பொறந்தவன் உள்ள வந்து உக்காந்தா தீட்டா?" என்றாள் மரகதம்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மரகதம். கமிட்டின்னு ஒண்ணு கீதுல்ல?" என்றார் கோதண்டம்.

அவர் பொன்னியம்மன் கோயில் விழாக் கமிட்டியின் செயலாளர். ஆடி மூன்றாம் ஞாயிறு அம்மன் ஊர்வலம். அதற்கு நான்கே நாள் பாக்கி. சாமி தூக்க ஆள் கிடைக்கவில்லை. உதயசூரியன் வந்திருந்ததும் அதற்காகத்தான். காலனியில் இருபத்து நாலு பேர் தயார், ஷிஃப்ட் மாற்றி லீவும் வாங்கியாயிற்று, இந்த ஒரு வருஷம் நாங்கள் தூக்குகிறோமே என்று கேட்டான். சண்டையாகக் கேட்கவில்லை, கடையில் சில்லறை கேட்பதுபோல அமைதியாகக் கேட்டான்.

"சாமி தூக்குற தண்டு எவ்ளோ கனம்னு எங்கப்பாவுக்குத் தெரியாமலே பூட்டாருண்ணே. எனக்காவது தெரியணும்."

கோதண்டத்துக்குப் பாவமாக இருந்தது. இளகிய மனசுக்காரர்தான், மனசு இளகும், கை இளகாது. கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். அந்த ஊரில் 'முடியாது' என்பதற்கு நாற்பது வருஷமாக வழங்கிவரும் சொல் அது. உதயசூரியனுக்கும் அது தெரியும். கப்பைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான்.

பெருங்கழனி என்று பெயர் இருந்தாலும் ஊரில் இப்போது கழனி கிடையாது. நெல் விளைந்த இடத்தில் வாடகை ரூம்கள் விளைந்திருந்தன. வடக்குத் தெரு முழுக்க ஒடிசா. ஏரிக்கரைப் பக்கம் பீகார். அஸ்ஸாம்காரர்கள் பழைய அரிசி மில்லில். மணிப்பூர்ப் பெண்கள் ஹாஸ்டலில். நேபாளி மோமோ விற்றான். திருநெல்வேலிப் பையன்கள் மெஸ்ஸில் குழம்பு சரியில்லை என்று எல்லோரோடும் சண்டை போட்டார்கள். கொரியாக்காரர்கள் மட்டும் யாரோடும் சண்டை போடாமல் ஏரிக்கரையில் காலையில் ஓடினார்கள். அவர்களை நாய்கள் துரத்தின. நாய்கள்தான் ஊரில் இன்னமும் அசலூர்க்காரனை அடையாளம் கண்டுகொண்டிருந்தன. 'ஊர்க்காரர்கள்' என்று சொல்லிக்கொள்பவர்களில் பாதிப் பேர் நிலத்தை விற்றுப் படப்பையிலும் குன்றத்தூரிலும் பிளாட் வாங்கிக் குடிபோய்விட்டார்கள். போகாமல் அப்படியே இருந்தது காலனி ஒன்றுதான். கணக்குப்படி பார்த்தால் இப்போது அதுதான் ஊர். அப்படி யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

கமிட்டித் தலைவர் இளங்கோவனும் பத்து வருஷமாகப் படப்பைக்காரர். வருஷத்துக்கு ஒரு முறை காரில் வந்து, பரிவட்டம் கட்டிக்கொண்டு, பிரசாதத்தோடு திரும்பிவிடுவார். அவர் தலைமையில் கூட்டம் கூடியது. டிராக்டரில் வைத்து இழுக்கலாமே என்றார் ஒருவர். அம்மன் தோளில்தான் போவாள், டிராக்டர் என்றால் வேறு பூசாரியைப் பாருங்கள் என்று பூசாரி எழுந்துவிட்டார். காலனிப் பையன்கள் கேட்டதைக் கோதண்டம் வாய்க்குள்ளேயே சொன்னார். அது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. தலைவரின் மகன் கோபிநாத்துக்குத்தான் யோசனை வந்தது: கோதண்டம் அங்கிள் ரூம்களில் ஒடிசாப் பையன்கள் தடி தடியாக இருக்கிறார்களே?

இந்துக்கள்தானா என்று கேட்டார்கள். ஆமாம், ரூமில் சாமி படம் இருக்கிறது என்றார் கோதண்டம். எந்த ஆளுங்க என்று கேட்டார்கள். அது யாருக்கும் தெரியவில்லை. ஆதார் கார்டுகளை வாங்கி, பெயருக்குப் பின்னால் இருப்பதை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

"தெரியாத சாதின்னா ஒசந்த சாதின்னுதான் எடுத்துக்கணும்."

அது தீர்மானமாக எழுதப்பட்டது. கோதண்டம் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை இருபத்து நாலு பையன்கள் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, தண்டுக்குத் தோள் கொடுத்தார்கள். முன்தண்டில் பிபின். கோதண்டத்தின் மூன்றாம் நம்பர் ரூம்காரன். இரண்டு வருஷத்தில் கொஞ்சம் தமிழ் பழகியிருந்தான். பம்பை முழங்க அம்மன் கிளம்பினாள். கோதண்டம் பிபினுக்குப் பக்கத்திலேயே மூச்சு வாங்க நடந்தார். பின்னால் வந்த ஊர்க்காரர்களில் இளையவருக்கு ஐம்பத்தெட்டு வயது, முட்டியில் ஆபரேஷன்.

காலனிக்குப் பிரியும் முனையில் ஒரு டிரான்ஸ்பார்மர். அம்மன் அதுவரைதான் வருவாள். காலனிக்காரர்கள் அங்கே வந்து நின்று, தட்டை நீட்டி, கும்பிட்டுக்கொண்டு போக வேண்டும். மனைவி மஹாலட்சுமியோடு தட்டேந்தி முன்வரிசையில் நின்றிருந்தான் உதயசூரியன். அவனைப் பார்த்ததும் பிபினின் முகம் மலர்ந்தது. கம்பெனியில் அவனுக்கும் தண்டு தூக்கிய மற்றப் பையன்களுக்கும் லைன் லீடர் ஆயிற்றே.

"ஓனர், லீடர் சார் ஏன் தூக்கல?"

தூக்கக்கூடாது, பழக்கம் என்றார் கோதண்டம். பிபினுக்கு விளங்கவில்லை. கோதண்டம் உள்ளங்கையை மார்பு உயரத்தில் வைத்து 'ஊர்' என்றார். பிறகு இடுப்புக்குக் கீழே இறக்கி 'காலனி' என்றார்.

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பிபின் தலையாட்டினான். பிறகு தண்டைப் பிடிக்காத கையை நீட்டி, கோதண்டம் காட்டியதற்கும் ஒரு சாண் கீழே காட்டினான்.

"எங்க ஊர்ல நான் இங்க. இந்தப் பசங்க பாதிப் பேர் இங்க. கோயில் உள்ள விட மாட்டாங்க. இங்க யாருமே கேக்கல ஓனர். நல்ல ஊரு."

கோதண்டம் அண்ணாந்து அம்மனைப் பார்த்தார். கோயிலை விட்டுக் கிளம்பிய அம்மனைத் திரும்பும்வரை தரையில் இறக்கக்கூடாது. இறக்கினால் அந்த வருஷம் ஊருக்கு ஆகாது. மாற்றித் தூக்க ஆளும் இல்லை. அந்த முட்டி ஆபரேஷன்காரரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, தனக்கு ஒன்றும் காதில் விழவில்லை என்று முடிவு செய்துகொண்டார். பம்பைச் சத்தம் வேறு.

நடக்கும்போது தெரியாத கனம், நிற்கும்போது தெரியும். பூசாரி ஒவ்வொரு தட்டாகக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். பிபினுக்குக் கெண்டைக்காலில் நரம்பு பிடித்துக்கொண்டது. அவன் சத்தம் போடவில்லை. கையை உயர்த்தினான்.

கம்பெனியில் அதுதான் பழக்கம். லைனில் நிற்பவன் இடத்தை விட்டு நகரக்கூடாது. அவசரம் என்றால் கையை உயர்த்த வேண்டும். லீடர் ஓடிவந்து அந்த இடத்தில் நின்ற பிறகுதான் அவன் விலகலாம். லைன் நிற்கவே கூடாது. நின்றால் லீடர்தான் பதில் சொல்ல வேண்டும். பதினோரு வருஷமாக அப்படி ஓடிப் பழகியவன் உதயசூரியன். உயர்ந்த கையைக் கண்டதும் தட்டு மஹாலட்சுமி கைக்குப் போயிற்று. மூன்றே எட்டில் தண்டுக்கு அடியில் வந்து தோளைக் கொடுத்தான். பிபின் நழுவிப் போய்க் காலனிக்காரர்கள் நடுவே உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டான். தான் எங்கே நிற்கிறோம் என்று உதயசூரியனுக்கு அப்புறம்தான் உறைத்தது. அவன் விலகவில்லை. வலது காலைக் கொஞ்சம் அகட்டி ஊன்றிக்கொண்டான்.

முன்னால் நின்றிருந்த தலைவர் திரும்பினார். அவருக்கு ஊரில் யாரையும் முகம் தெரியாது. ஜீன்ஸ் மட்டும் தெரிந்தது.

"யாருய்யா அது, பேன்ட் போட்டுகினு?"

கோதண்டத்தின் மனசு இளகியது. வாழ்க்கையில் முதன்முறையாக அந்தப் பையனுக்கு ஒரு நல்லது செய்யலாம் என்று தோன்றியது. கைக்குக் கிடைத்த நல்லது ஒன்றே ஒன்றுதான்.

"நம்ம ரூம் பையன்தான் தலைவரே. ஒடிசா."

"ஒடிசாவா? சரி, அப்ப பரவால்ல."

தண்டுக்கு அடியிலிருந்து, தலையைத் திருப்பாமலே, குரல் வந்தது.

"இல்ல தலைவரே. இந்த ஊருதான். காலனி. கன்னியப்பன் மவன் உதயசூரியன்."

பம்பை நின்றது. மஹாலட்சுமி கையிலிருந்த தட்டில் கற்பூரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. தலைவர் கோதண்டத்தின் காதருகே வந்து, இவனை வெளியே இழுத்துவிட்டுப் பழையபடி அந்த ஒடிசாப் பையனையே வை என்று பல்லைக் கடித்தார்.

கோதண்டம் சுற்றிலும் பார்த்தார். பிபினுக்கு யாரோ ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். பேப்பர் கப் இல்லை, சொம்பு. அவன் அண்ணாந்து குடித்தான்.

"அந்தப் பையனும் அவங்க ஊர்ல காலனிதானாம் தலைவரே," என்றார் கோதண்டம். தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது. "தூக்கினு நிக்கிறதுல பாதிப் பேர் அப்படித்தானாம். இப்ப எறக்கணும்னா அம்மனத்தான் எறக்கணும்."

தலைவர் தரையைப் பார்த்தார். அம்மனைப் பார்த்தார். படப்பை இருக்கும் திசையையும் ஒருமுறை பார்த்தார். பரிவட்டத்தைச் சரிசெய்துகொண்டார்.

"சலோ," என்றான் உதயசூரியன்.

மற்ற இருபத்து மூன்று பேருக்கும் அந்தக் குரல் பழக்கம். ஒன்றாக எட்டு வைத்தார்கள். அம்மன் நகர்ந்தாள். தானே அழைத்துப்போவதுபோல இருக்கட்டும் என்று தலைவர் இரண்டடி முன்னால் ஓடினார்.