ஐம்பது மடங்கு

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஏர்கன் கடையின் மொட்டைமாடியில் நின்று, தூரத்துத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்த காக்கையை ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தாள் தாட்சாயணி. இருபத்துநாலு மடங்கில் காக்கை முழுசாகத் தெரிந்தது. ஐம்பதில் அதன் மூக்கு மட்டும்தான், அதுவும் அனலில் நெளிந்தது. அவள் சுடும் போட்டியில் துப்பாக்கி மேஜைமேல் மணல்பையில் கிடக்கும், அட்டை இருபத்தைந்து மீட்டரில் நிற்கும். அதற்கு எதற்கு ஐம்பது என்பது கடைக்காரர் செங்கல்வராயனின் கேள்வி. விலை அதிகமான சரக்கை வேண்டாம் என்று சொல்லி விற்கிற ஆள் ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

“இருபத்துநாலு போதும்மா. அம்பதுல வெச்சா உன் நெஞ்சு அடிச்சிக்கினு இருக்கறதுகூட உள்ள தெரியும்.”

“தெரியட்டும்ணா. எனக்குப் பக்கத்து அட்டையில விழற ஓட்டை தெரியணும்.”

பக்கத்து அட்டை யாருடையது என்று அவர் கேட்கவில்லை. அலிபிரி பக்கம் இருக்கிற அந்தச் சின்ன கிளப்பில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கோகுலகிருஷ்ணன் போன வருஷம் வரைக்கும் அவள் புருஷன். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சுடக் கற்றுக்கொண்டார்கள். மாநிலப் போட்டிக்கு ஒரே ஓர் இடம் இருந்தது, அவள் புள்ளிதான் அதிகம். தேர்வு நாளில் அவன் செயலாளர் முன்னால் போய் நின்று, வீட்டில் டம்ளர் பிடித்தாலே இவளுக்குக் கை நடுங்குகிறது, பாவம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வந்தான். காய்ச்சலில் கிடந்த மாதம் நடுங்கியது உண்மைதான். அது நின்றுபோனதும் அவனுக்குத் தெரியும். இவள் மட்டமாகச் சுடுகிறாள் என்றிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், பாவம் என்று சொன்னவனோடு என்ன சண்டை போடுவது? அவள் இடத்தில் அவன் போனான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீடு இருக்கிற விஜயபுரத்துக்கு பஸ் ஏறினாள்.

விவாகரத்து கிடைத்தும் ஆத்திரம் தீரவில்லை. நைனாவின் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கும்போதுகூட ஒவ்வொரு செடியையும் அவன் குடுமியைப் பிடித்தமாதிரிதான் பிடுங்கினாள். மன்னித்துவிடு என்று பேச்செடுத்த அம்மாவை ஒரு முறை முறைத்தாள், அப்புறம் அந்த வீட்டில் யாரும் அந்த வார்த்தையை எடுக்கவில்லை. அவன் தோற்கவேண்டும், கிளப்பே பார்க்கத் தோற்கவேண்டும். அவன் குண்டு தள்ளி விழுந்ததை அவனுக்கு முன்னால் அவள் கண் பார்க்கவேண்டும். ஐம்பது மடங்கையே வாங்கினாள்.

போட்டியன்று இருவருக்கும் அடுத்தடுத்த மேஜை. அட்டையில் வரிசையாகச் சின்ன வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு குண்டு. அவள் தன் வட்டத்தைச் சுட்டதும் துப்பாக்கியைக் கொஞ்சம் நகர்த்தி அவன் அட்டையைப் பார்ப்பாள். அவன் குண்டு கோட்டுக்கு வெளியே கிடந்தால் வெல்லம் தின்றமாதிரி இருக்கும். பிறகு தன் அட்டைக்குத் திரும்புவாள். நெஞ்சு அடிப்பது உள்ளே தெரியத்தான் செய்தது, இரண்டு துடிப்புக்கு நடுவில் விசையை அழுத்தப் பழகிக்கொண்டாள். கடைசி வட்டம் மட்டும் பாக்கி இருந்தபோது அவள்தான் முந்தியிருந்தாள். நேரம் முடியப்போகிறது என்று ரேஞ்ச் அதிகாரி கன்னையா குரல் கொடுத்தார். கண்ணாடியில் ஒரே ஒரு காலி வட்டம் நின்றது. அழுத்தினாள். குண்டு சரியாக நடுவில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு குண்டு அவள் சுட்டதில்லை.

அதை ரசித்துக்கொண்டிருக்கும்போதே அதே வட்டத்தின் ஓரத்தில் இன்னோர் ஓட்டை தானாகத் திறந்தது.

அவள் விசையைத் தொடவே இல்லை. ஐம்பது மடங்கில் ஒரு வட்டத்துக்குமேல் தெரியாது, அட்டை எண்ணும் தெரியாது. அவன் அட்டையை வேடிக்கை பார்த்தவள் திரும்பி வரவே மறந்திருக்கிறாள்.

கன்னையா எல்லோரையும் நிறுத்தச் சொல்லி, துப்பாக்கிகளைத் திறந்து வைக்கச் சொன்னார். கிளப்பின் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். மாற்றிச் சுட்டவர் ஒப்புக்கொண்டால் அவருக்கு அந்தக் குண்டுக்குப் புள்ளி கிடையாது, பதிலுக்கு வேறொன்று சுடவும் விடமாட்டார்கள், அட்டைக்காரருக்கு இரண்டில் நல்லது சேரும். யாரும் ஒப்புக்கொள்ளாவிட்டால் நல்லதைத் தள்ளிவிட்டு மட்டமானதை எடுத்துக்கொள்வார்கள். அவளுடைய கடைசி வட்டம் காலியாகவே இருந்தது. டப்பாவில் குண்டு இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்து, நிறுத்திய நேரத்தைத் திரும்பக் கொடுத்ததும் தன் வட்டத்தில் ஒன்று போட்டால் போதும். அவன் ஓரத்து ஓட்டையோடு வீட்டுக்குப் போவான். ஒரு வருஷமாக அவள் கும்பிட்டுக் கேட்டது கையில் வந்து விழுந்திருந்தது.

நீயா என்று கன்னையா அவளைத்தான் முதலில் கேட்டார். அவள் இல்லை என்று தலையசைக்கப் போனாள். அதற்குள் கோகுலகிருஷ்ணன் முந்திக்கொண்டான், அதே மெதுவான குரல்.

“உட்டுடுங்க சார். நடுவுல கீறது என்னுது. ஓரத்துல கீறது... பாவம், கை நடுங்கியிருக்கும்.”

யாரோ ஒருவர் உச்சுக்கொட்டினார். தாட்சாயணி டப்பாவிலிருந்து ஒரு குண்டை எடுத்தாள். இதைத் துப்பாக்கியில் போட்டால் ஜெயிப்பு அவளுக்கு, நடுங்குகிற கையும் அவளுக்கு. குண்டைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். கன்னையாவின் முன்னால் போய் நின்றாள்.

“நடுவுல கீறது என்னுது சார். ஓரத்துல போனது அவருது.”

“சொல்லிட்டா புள்ளி அவருக்குப் பூடும்மா,” என்றார் கன்னையா.

தெரியும் என்றாள். பிறகு வலது கையை நீட்டி, அடி அகன்ற அந்த ஈயக் குண்டைப் புறங்கைமேல் நிற்கவைத்து, இடது கையை எடுத்துக்கொண்டாள். பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். கோகுலகிருஷ்ணன் வேறு பக்கம் பார்க்க முயன்றான், முடியவில்லை. அவளும் கையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மலைப்பக்கமிருந்து வந்த காற்றில் அட்டைகள் படபடத்தன. குண்டு நின்றுகொண்டிருந்தது.