கைராசி

அப்பாவின் கையிலிருந்து டிரிப்ஸ் ஊசியை எடுக்க, மகள் பிளாஸ்திரியின் மடித்த முனையைப் பிடித்தாள். உரிக்கும்போது தோல் இழுபடக் கூடாதென்று இப்படி மடித்து ஒட்டுவது இந்த வார்டு நர்ஸ்களில் ஒருத்திதான். கைராசி அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். மகளும் இதே ஆஸ்பத்திரியில், மாடியில் குழந்தைகள் வார்டில் நர்ஸ். இருந்தும் அப்பாவுக்கு அக்கா கைதான் வேண்டும். "நீ போட்டா ஊசி, அவ போட்டா ஆசீர்வாதம்" என்று நேற்றுகூடக் கிண்டலடித்தார். விடிந்து பார்த்தபோது உடம்பு சில்லிட்டுக் கிடந்தது.

அம்மா அக்காவின் தோளில் சாய்ந்து அழுதாள். உன் கைராசியால்தான் மனுஷன் இத்தனை நாள் இருந்தார் என்று அவளையே தேற்றினாள். அக்காவுக்கும் கண் சிவந்திருந்தது. வேஷமில்லை, அக்கா எல்லாருக்கும் அழுவாள்.

பக்கத்துக் கட்டில் பெரியவரின் நாடி, மூச்சைக் காட்டும் மெஷின் எச்சரித்துக் கூவியது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே மறுகையை நீட்டிச் சத்தத்தை அமுக்கினாள். காதோர முடியை ஒதுக்குவதுபோல, அவ்வளவு பழக்கம்.

மகளின் கண் அந்தக் கையிலேயே நின்றது. இதை முன்பே பார்த்திருக்கிறாள், ஒருமுறை சொல்லியும் இருக்கிறாள். மெஷினைப் பார்க்காதே, ஆளைப் பார் என்று அக்கா சிரித்தாள். நம்ம அக்காதானே என்று இவளும் விட்டுவிட்டாள்.

"அக்கா, அப்பாவுக்கும் ராத்திரி அமுக்கினீங்களா?"

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. "நல்லா தூங்கிட்டிருந்தாருடி. எழுப்ப மனசு வரல."

அம்மாவின் அழுகை நின்றது. கை மட்டும் அக்காவின் தோளை விடவில்லை. சத்தம் கேட்டிருந்தால் பிழைத்திருப்பாரோ என்னவோ, யாராவது ஓடியாவது வந்திருப்பார்கள் என்று மகள் நினைத்தாள். 

அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள். பெரியவரின் உதடு நீலம் பூத்திருந்தது. மூக்கிலிருந்து நழுவியிருந்த ஆக்சிஜன் குழாயைச் சரியாக மாட்டினாள். டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் குரல் கொடுத்துவிட்டு, மெஷினின் சத்தத்தைத் திரும்பப் போட்டாள்.

"ஹெட் நர்ஸ்கிட்ட நீங்களே சொல்லிடுங்கக்கா. இல்லேன்னா நான் சொல்லுவேன்."

 பெரியவர் மெல்லக் கண் திறந்து, அந்த அக்கா இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாமே, இதை ஏன் கத்த விடுகிறாய் என்று முனகினார்.

"கத்தட்டும்ப்பா" என்றாள் மகள்.

அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். அவளுடைய புறங்கையில் அப்பாவின் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தது, முனை மடித்தபடியே.