ஒரு தட்டு நாக்கு

செத்துப்போன மனைவியோடு சண்டை போட்டு, அதிலும் தோற்றுப்போன மனிதர் உலகத்திலேயே எங்கள் தெரு லிஃப்ட் மெக்கானிக் ஒருவர்தான். சண்டை நடந்தது பேருந்து நிலையத்துக்குப் பின்னாலுள்ள சீன ஓட்டலில், பட்டப்பகலில், ஒரு தட்டு மாட்டு நாக்கின் முன்னால். சந்தேகமுள்ளவர்கள் அங்கே போய் மீன்தொட்டியைப் பார்க்கலாம். அன்று திரும்பிய மீன்கள் இன்னமும் அதே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

அந்த அம்மாள் பஸ் கண்டக்டர். அவள் ‘உள்ளே போங்க’ என்றால் அடுத்த பஸ்ஸில் இருப்பவர்களும் உள்ளே நகர்வார்கள். சம்பள நாளில் இருவரும் அந்த ஓட்டலுக்குப் போவார்கள். தான் அதுவரை தின்னாத உறுப்பாகப் பார்த்து அவள் கேட்பாள்: இரைப்பை, சிறுநீரகம், கோழிக்கால், நாக்கு. அவருக்கு எப்போதும் வறுத்த சோறுதான். “ஒரே ஒரு வாய்” என்று அவள் ஊட்டுவாள். அவர் மென்று, தலையாட்டி, அவள் தண்ணீர் குடிக்கும் நேரம் பார்த்துக் காகிதத்தில் துப்பிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். தெருநாய்களெல்லாம் வீடுவரை மரியாதையோடு அவரைக் கொண்டுவந்து விடும்.

கடைசியாக அவள் மாட்டு இதயம் சொல்லிவைத்தாள். அதை முன்கூட்டிச் சொன்னால்தான் செய்வார்கள். அடுத்த சம்பளத்துக்குள், டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபடியே சரிந்து இறந்துபோனாள்.

துக்கம் விசாரித்தவர்கள் போனபின் அவர் அதே மேசையில் உட்கார்ந்து அவள் தின்றதையெல்லாம் கேட்டார். இந்த முறை விழுங்கினார். இரைப்பையைத் தின்றதும் அவளுக்குப் பசிக்கும் வேளையில் அவருக்குப் பசித்தது. கோழிக்காலைத் தின்றதும் கால்கள் அவரைக் கேட்காமலே பஸ் பணிமனைக்கு நடந்தன. நாக்கைத் தின்றதும் அவர் வாயிலிருந்தே அவள் பேசினாள்.

“பேப்பர்ல துப்பினது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?”

“அது… பல்லு வலி.”

“கல்யாணம் ஆனதுலேர்ந்தா?”

அதோடு விட்டாளா? வழியில் நிற்காமல் உள்ளே போகச் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு எழுந்து சமையலறைக்குள் போய் நின்றார்கள். தொட்டியிலிருந்த மீன்களும் அந்தப் பக்கமே திரும்பின.

நம்பாதவர் அவளுடைய அண்ணன் ஒருவர்தான். செவிட்டுக் காதுகளுக்குக் கருவி பொருத்துவது அவர் தொழில். “இதெல்லாம் குரல் வித்தை, மாப்பிள்ளை. உங்க வித்தைக்கு என் தங்கச்சியை இழுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மெக்கானிக் தினமும் நாக்கு தின்றார். அங்கேதான் தப்பு நடந்தது. வாய்க்குப் பழகாதவரைதான் அவள் வந்தாள். அவருக்கோ நாக்கு பிடித்துப்போய்விட்டது. ருசி ஏற ஏறக் குரல் தேய்ந்தது. சர்க்கரையைக் கொட்டித் தின்று பார்த்தார், வேப்பெண்ணெய் விட்டும் தின்று பார்த்தார். பாழாய்ப்போன வாய் அதையும் ரசித்தது. ஒருநாள் அவள் வெகுதூரத்திலிருந்து சொன்னாள்: “இதயம் சொல்லிவெச்சேனே, அதை நான் தின்னதேயில்ல. எப்படி இருக்கும்னு பாக்கணுங்க.”

“அதுக்கப்புறம் பழகாததுன்னு எதுவும் மிச்சமில்ல. நீ போயிடுவே.”

“ஸ்டாப்பிங் வந்தா எறங்கணும்ல.”

மழைக்காலம் முழுக்க அவர் தள்ளிப்போட்டார். குரல் வெறும் மூச்சாகிவிட்ட பிறகுதான் ஓட்டலில் சொல்லிவைத்தார். மச்சானையும் அழைத்தார்.

இதயம் மெல்லிய துண்டுகளாக வந்தது. அவர் ஒன்றை வாயில் போட்டதும், மச்சான் எழுந்து அவர் உதடுகளைத் தன் விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தாடை அசைந்தது. மெக்கானிக்கின் கண்ணீர் மச்சானின் விரல்கள்மேல் வழிந்தது. மூடிய வாய்க்குள்ளிருந்து தெளிவாக, பஸ்ஸின் பின்சீட்வரை கேட்கும்படி ஒரு குரல் வந்தது.

“உப்பு பத்தல.”

அவ்வளவுதான். அவர் விழுங்கியதும் மச்சான் கையை எடுத்தார். மற்ற துண்டுகளையும் மெக்கானிக் தின்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

மச்சான் கையை எடுத்தார். மச்சான் உப்புக் கிண்ணத்தை எடுத்து, யாருமில்லாத மூன்றாவது நாற்காலியின் முன்னால் நகர்த்தி வைத்தார்.

“அவதான் மாப்பிள்ளை” என்றார். “சின்ன வயசுலேர்ந்தே அவளுக்கு உப்பு பத்தாது.”