யானைக்காக நிற்காத சபை

நான் பிறவி விசுவாசி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததை வைத்து என்னைப் புரட்சிக்காரன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். மேலிடத்திலிருந்து காகிதம் வந்தால் முதலில் கையெழுத்துப் போடுவேன், பிறகுதான் படிப்பேன்.

எங்கள் தமிழ்க் குடும்ப நலச் சபைக்குத் தலைமையகம் சென்னையில். மைசூர்க் கிளையை என் அப்பாவும் அவருடன் ரயில்வேயில் இருந்த எட்டுப் பேரும் தொடங்கினார்கள். சயாஜி ராவ் சாலையிலிருந்து கிழக்கே பிரியும் சந்தின் முனையில் அவர்களே ஒரு மாடிக் கட்டடமும் கட்டினார்கள். அப்பாவுக்குப் பிறகு நான் செயலாளர். பெரிய வேலை ஒன்றுமில்லை. சென்னையிலிருந்து சுற்றறிக்கை வரும், அதன்படி நடந்துகொள்ள வேண்டும்.

ஒரு வருடம் அக்னி நட்சத்திரத்தை முன்னிட்டு எல்லாக் கிளைகளும் மே மாதம் முழுக்க மோர்ப் பந்தல் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மைசூரில் மே மாதம் சாயங்காலமானால் மழை கொட்டும். குடையைப் பிடித்துக்கொண்டு மோர் கொடுத்தோம். வாங்கிக் குடித்தவர்களுக்கு ஜலதோஷம் பிடித்தது. நிர்வாகக் குழுவில் மைசூருக்கும் ஓர் இடம் வேண்டும் என்று அப்போதுதான் முதல் தடவை கேட்டோம். ‘மைசூர்க் கிளைக்குத் தலைமையகத்தின் நெஞ்சில் எப்போதும் இடமுண்டு’ என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியவன் நான்தான். சொன்னேனே, விசுவாசி.

இப்படியே காலம் போயிருக்கும். குறுக்கே வந்தது ராகி முத்தே, நம் கேழ்வரகுக் களி உருண்டைதான்.

எங்கள் கட்டடத்தில் ஒரு சமையற்கூடம் உண்டு. ஹம்ஸா அதை ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். அவருடைய கணவர் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் கிடந்து இறந்துபோனார். நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் சாப்பாடு உண்டு, பக்கத்தில் இருப்பவருக்குக் கிடையாது. இருபத்திரண்டு நாளும் பன்னும் டீயுமாக இருந்தவர், காரியம் முடிந்த மறுவாரம் என்னிடம் வந்து சாவி கேட்டார். அன்றிலிருந்து தினம் மத்தியானம் எண்பது பேருக்கு வார்டு வாசலில் சாப்பாடு போகிறது. கௌரம்மா சமைப்பார், வினய் தன் வண்டியில் கொண்டுபோவான். வினய்க்கு முப்பது வயது, கம்ப்யூட்டர் கம்பெனியில் மாலை ஷிப்ட். தமிழ் பேசுவான், எழுத வராது. கன்னடத்தில் கவிதையே எழுதுவான்.

ஆரம்பத்தில் சாதமும் சாம்பாரும்தான். சாப்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் கொள்ளேகால், ஹனூர்ப் பக்கத்துத் தமிழர்கள். புருஷனின் கால் எலும்பு முறிந்து ஹனூரிலிருந்து வந்திருந்த சித்தம்மா என்கிற பெண் ஒருநாள் ஹம்ஸாவிடம் சொன்னார்: “தப்பா நெனைக்காதீங்கம்மா. அரிசிச் சோறு தின்னா பொழுது சாயறதுக்குள்ள வயிறு கவ்வுதுங்க. எங்கூர்ல களிதானுங்க. ராவைக்கு வாங்கித் திங்கவும் வழியில்லீங்க.”

மறுநாள் முதல் கௌரம்மா முத்தே கிண்டினார். ஹனூர்க்காரர்கள் களி என்றார்கள், மற்றவர்கள் முத்தே என்றார்கள், எல்லோரும் சாப்பிட்டார்கள். சந்தோஷம் தாங்காமல் வினய் அதைப் படமெடுத்துச் சபையின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவன் கையில் போன் இருக்கக் கூடாது.

தலைவர் யக்ஞநாராயணன் பத்து நிமிடத்தில் கேட்டார்: ‘அது என்ன கறுப்பு உருண்டை?’

பதினைந்து நாளில் சுற்றறிக்கை வந்துவிட்டது. தமிழர் உணவல்லாத பண்டம் சபையின் பெயரால் வழங்கப்படுவதை உடனே நிறுத்த வேண்டும். ஹனூரில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுவது இதைத்தான் என்று பணிவாக எழுதினேன். ஹனூர் எங்கே இருக்கிறது என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. எழுதினேன். அது தமிழ்நாட்டில் இல்லையே என்று அடுத்த கடிதம் வந்தது. நாங்களும்தான் இல்லை என்று எழுதினேன். என் வாழ்நாளில் மேலிடத்துக்கு நான் எதிர்வாதம் செய்தது அதுவே முதல் தடவை.

அதற்குப் பதில் இல்லை, கூட்ட அறிவிப்புதான் வந்தது. மைசூர்க் கிளையின் சமையற்கூடத்தை மூடுவது பற்றிப் பொதுக்கூட்டம். தலைவரே நேரில் வருகிறார். இங்கிருந்து சென்னைக்குக் குடிபோன பழைய உறுப்பினர்கள் அறுபது பேர் தங்களுக்காகப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்த பதிலி வாக்குகளைக் கையில் கொண்டுவருகிறார். உள்ளூரில் நாங்கள் மொத்தம் நாற்பத்தொரு பேர். கணக்கு டீச்சரிடம் இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

“சாப்பிடறவங்கள ஒருத்தராவது கேட்டாங்களா சார்?” என்றார் ஹம்ஸா. எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, சட்டம் போட்டு மாட்டியிருந்த அந்தக் கடிதத்தின்மேல்.

நல்ல நாளும் விடுமுறையுமாக இருப்பதால் கூட்டத்தை விஜயதசமியன்று பிற்பகல் மூன்று மணிக்கு வைத்திருந்தார்கள்.

மைசூரில் இருக்கும் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அன்றைக்குத்தான் தசரா ஊர்வலம். அம்பாரி யானை அரண்மனையிலிருந்து கிளம்பி சயாஜி ராவ் சாலை வழியாகப் போகும். காலையிலேயே இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டிவிடுவார்கள். ஊர் இரண்டாகிவிடும். இந்தப் பக்கம் வேலை இருக்கிறவன் எட்டு மணிக்குள் சாப்பாட்டுக் கேரியரோடு வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் யானை போன பிறகுதான். தீபாவளிக்கு நாங்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதுபோல, இது இந்த ஊரின் பழக்கம்.

என் கடமை, எழுதினேன். அன்று ஜம்பு சவாரி என்னும் யானை ஊர்வலம், சாலைகள் மூடியிருக்கும், வேறு தேதி குறிக்க வேண்டுகிறேன். ஒரே வரியில் பதில்: ‘யானை போவதற்காகச் சபை நிற்காது.’

அத்துடன் விதி பதினேழை நினைவூட்டியிருந்தார்கள். மைசூர்க்காரர்கள் கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறார்கள் என்று எங்களுக்காகவே தலைமையகம் போட்ட விதி அது. குறித்த நேரத்துக்கு அரைமணிக்குள் வராதவர், அவர் யாராயினும், வாக்கிழப்பார். வந்திருப்போர் எடுக்கும் முடிவே முடிவு. ‘யாராயினும்’ என்பதைத் தலைவர் தம் கையாலேயே சேர்த்திருந்தார்.

விஜயதசமியன்று நாற்பத்தொரு பேரும் காலை எட்டுக்கே வந்துவிட்டோம். அதற்கும் முன்னால், பிறகு ஜனத்தில் வண்டி நகராது என்று, ஏழு மணிக்கே முத்தே அண்டாக்கள் சாலையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டன. ஹம்ஸா வந்தவர்களுக்கு உப்புமா கொடுத்தார். சாவு வீட்டில் காத்திருப்பதுபோல இருந்தது. கௌரம்மா கரண்டிகளைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். ஹம்ஸாவைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

தலைவர் பன்னிரண்டரைக்கு ரயிலில் இறங்கி, ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் சாப்பிட்டுச் சற்றே கண்ணயர்ந்துவிட்டு, இரண்டேகாலுக்குக் கிளம்பினாராம். ஸ்டேஷன் இருப்பது சயாஜி ராவ் சாலைக்கு மேற்கே. நாங்கள் கிழக்கே.

மூன்று மணிக்கு என் போன் அடித்தது.

“ஜெயகிருஷ்ணன், இங்க என்னய்யா இது, ஒரே ஜனமா இருக்கு? போலீஸ்காரன் விடமாட்டேங்கறான்.”

“ஊர்வலம் சார்.”

“எத்தனை நேரம் ஆகும்?”

“யானையைப் பொறுத்தது சார்.”

நான் மொட்டை மாடிக்குப் போனேன். ஹம்ஸாவும் வினயும் பின்னாலேயே வந்தார்கள். எதிர்ப்பக்கம் தடுப்புக் கட்டையை ஒட்டி, பலூன் வைத்திருந்த குழந்தைகளுக்கு நடுவே, வெள்ளை வேட்டியில் தலைவர் நின்றிருந்தார். பதிலி வாக்குகள் இருந்த நீலக் கோப்பை எங்களைப் பார்த்து ஆட்டினார். ஐந்நூறு கிலோமீட்டர் கடந்து வந்தவருக்குக் கடைசி அறுபது அடி பாக்கி.

“அங்கிள், பாஸ் இருக்கல்வா உங்ககிட்ட?” என்றான் வினய், ‘இருக்கிறதல்லவா’ என்பதில் பாதியைக் கன்னடமாக்கி.

இருந்தது. ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோவதற்காகப் போலீஸார் வருடா வருடம் எங்களுக்குத் தரும் அனுமதிச் சீட்டு. அதைக் காட்டினால் சாலையைக் கடக்க விடுவார்கள். நான் போய் அவரை அழைத்து வந்திருக்கலாம். முப்பத்தாறு வருடமாக நான் அதைத்தான் செய்து வந்திருக்கிறேன். கை தானாகவே சட்டைப் பைக்குப் போயிற்று.

ஹம்ஸாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் போயிருப்பேனோ என்னவோ. அவர் தலைவரைப் பார்க்கவே இல்லை. தலைவருக்குப் பின்னால் தெரிந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண் மூன்றாவது மாடியில், கணவர் கிடந்த வார்டில் இருந்தது.

சீட்டை எடுத்துப் படித்தேன். ‘உணவு கொண்டுசெல்ல மட்டும்’ என்று கன்னடத்தில் தெளிவாக எழுதியிருந்தது. யக்ஞநாராயணன் உணவு அல்ல. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்று முப்பதுக்குக் கீழே இறங்கி விதி பதினேழைப் படித்தேன். சமையற்கூடத்தை மூடும் தீர்மானம் நாற்பத்தொன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றது. பிறகு ஹம்ஸா எழுந்து, “இனிமே நாம தனிச் சபை. நம்ம தேதிய நாமளே குறிப்போம். சார், எழுதிக்கோங்க” என்றார். எழுதிக்கொண்டேன். அதுவும் நாற்பத்தொன்று. வெளியே அந்த நேரம் பார்த்துக் கூட்டம் ஆரவாரித்தது. எங்களுக்கில்லை, யானைக்கு.

தலைவர் ஐந்தரைக்கு வந்து சேர்ந்தார். காபி கொடுத்தோம். “நான் எதிர்ல நின்னேனே, பாத்தீரே” என்றார். “பாத்தேன் சார்” என்றேன். சட்டம் போட்ட கடிதத்தைக் கழற்றி அவரிடமே கொடுத்தனுப்பினேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் என் பேரப்பிள்ளைகளிடம் தலைநிமிர்ந்து சொல்லியிருப்பேன்.

புதிய சபைக்கு நானே தலைவர். நஞ்சன்கூட்டில் ஏழு தமிழ்க் குடும்பங்கள் எங்கள் துணைக் கிளையாகச் சேர்ந்து, அங்கிருக்கும் ஆஸ்பத்திரியில் இதேபோல் சாப்பாடு போட ஆரம்பித்தன. எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டுமே என்று சுற்றறிக்கை அனுப்பினேன். ஐந்து மாதத்தில் ஏழு. மூன்றாவதில் தினமும் முத்தே கட்டாயம் என்று எழுதியிருந்தேன். ஏழாவதில், பங்குனி உத்திரத்தன்று நஞ்சன்கூட்டில் கூட்டம், நானே நேரில் வருகிறேன், நல்ல நாள்.

கிளையைப் பார்த்துக்கொள்ளும் அமலதாஸ் வாத்தியார் பதில் எழுதியிருந்தார். இங்கே சாப்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலைக் கூலிக்காரர்கள், வடக்கிலிருந்து வந்தவர்கள், அரிசிதான் கேட்கிறார்கள். மேலும் நீங்கள் குறித்த அன்று கோயிலில் பெரிய தேர். ஊருக்குள் வண்டி நுழையாது. வேறு தேதி குறிக்கப் பணிவாக வேண்டுகிறேன்.

தேர்த் தேதியைத் தேவாலயத்துக்குப் போகிறவர் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக வந்தது. காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தேன்: ‘தேர் போவதற்காகச் சபை’. அதோடு பேனா நின்றுவிட்டது.

ராகி மாவு சலித்துக்கொண்டிருந்த ஹம்ஸா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் தோளுக்கு மேலாகப் படித்தார். சிரிக்கவில்லை.

“அமலதாஸ் சார் வீட்லயும் ஒரு மொட்டை மாடி இருக்கும், இல்லையா சார்?” என்றார்.

அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தேன். தேதியை நீங்களே சொல்லுங்கள், சாப்பாட்டையும் அங்கே சாப்பிடுகிறவர்களைக் கேட்டுச் செய்யுங்கள். அவ்வளவுதான். இரண்டு வரி எழுத எனக்கு முழுசாக அரைமணி ஆயிற்று.